விளக்குமாறு: சொல் பிறந்த விதமும் வசவான விதமும்

2013 டிசம்பரில் தில்லி சட்டமன்றத் தேர்தலில் ஆம் ஆத்மி கட்சி 28 இடங்களைப் பிடித்தது. 2015இல் 70க்கு 67. கட்சியின் சின்னம் இந்தியில் ‘ஜாடு’. தமிழ்ச் செய்திகளில் அது பெரும்பாலும் ‘துடைப்பம்’ என்று அச்சானது. டீக்கடைப் பேச்சில் ஊருக்கு ஊர் வெளக்குமாறு, சீமாறு, வாரியல் என்று மாறிக்கொண்டது. ஒரே பொருளுக்கு ஏன் இத்தனை பெயர், எது சரி, எதை அச்சில் போடலாம் என்ற கேள்விகள் அப்போதிருந்து அவ்வப்போது தலைகாட்டுகின்றன.

இன்னொரு குழப்பம் அதைவிடப் பழையது. “தாமதத்துக்கான காரணத்தை விளக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது” என்று அலுவலகக் கடிதம் வந்தால், படிப்பவர் ஒரு நொடியாவது சிரிக்கிறார். காரணத்தை விளக்கச் சொல்கிறார்களா, துடைப்பத்தைக் கேட்கிறார்களா? சிரிப்புக்கு அடியில் இலக்கணம் இருக்கிறது. இரண்டு குழப்பத்துக்கும் விடை தேட, சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் போட வேண்டும்.

எந்தத் துடைப்பம்?

பொதுப்பெயர் ஒன்றாக இருந்தாலும் வீட்டில் குறைந்தது இரண்டு வகை இருக்கும். வாசல், முற்றம், ஈரத்தரை, கழிவறை இவற்றுக்கு ஈர்க்குமாறு. தென்னங்கீற்றின் ஒவ்வோர் இலைக்கும் நடுவே ஓடும் விறைப்பான நரம்புதான் ஈர்க்கு. பேச்சில் ஈக்கு, ஈக்குச்சி. பச்சை ஓலையைக் கத்தியால் சீவி எடுத்து, காயவைத்து, அடிப்பக்கத்தை இறுக்கிக் கட்டினால் மாறு தயார். பிடி தளர்ந்தால் அடியைத் தரையில் நாலு தட்டுத் தட்டிச் சமன் செய்துகொள்வார்கள். தெருக் கூட்டுகிறவர்கள் இதே கட்டை நீளமான மூங்கில் கழியில் பிணைத்துக்கொள்கிறார்கள்.

வீட்டுக்குள் வழவழப்பான தரைக்குப் பூந்துடைப்பம். இது ஒரு மலைப்புல்லின் பூங்கதிர். மேகாலயா உள்ளிட்ட வடகிழக்கு மலைகளில் விளைந்து நாடு முழுக்க வருகிறது. புதிதாக வாங்கினால் முதல் சில நாள் பெருக்கப் பெருக்கப் பூந்துகள் உதிரும். பெருக்குகிற குப்பையைவிட அது உதிர்க்கும் குப்பை அதிகம் என்ற புகார் நியாயமானதே.

சத்தியமங்கலம் மலைப்பகுதியில் பழங்குடி மக்கள் குட்டை ஈச்சின் ஓலையில் கட்டுவது இன்னொரு வகை. இப்படிக் காட்டில் கிடைக்கும் சிறு விளைபொருளைச் சேகரிக்கவும் விற்கவும் அவர்களுக்குள்ள உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்கிறது. இலங்கைத் தமிழில் தென்னந்தும்பைக் கட்டையில் பதித்து நீளக் கம்பு செருகியது ‘தும்புத்தடி’. தும்பு என்றால் நார்.

இந்தப் பெயர்களில் ஈர்க்கு, பூ, தும்பு எல்லாம் எதனால் செய்தது என்பதைச் சொல்லும் அடைகள். அடையை எடுத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சும் பொதுப்பெயர்கள்தான் சுவையானவை. அவை பொருளைச் சொல்வதில்லை, வேலையைச் சொல்கின்றன.

வேலையிலிருந்து வந்த பெயர்கள்

1. துடைப்பம். ‘துடை’ என்ற வினையிலிருந்து வந்தது. விருப்பு விருப்பம் ஆவதுபோல் துடைப்பு துடைப்பம் ஆயிற்று. சென்னையில் ‘தொடப்பம்’ என்பது கொச்சை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அது தமிழ்ப் பேச்சு முழுவதிலும் இயங்கும் ஒலி விதி: அடுத்த அசையில் அ, ஐ வந்தால் முதல் அசையின் உகரம் ஒகரமாகும். குடை கொடையாவதும் புகை பொகையாவதும் அப்படித்தான். இகரம் எகரமாவதும் இதே விதி: இலை எலை, விலை வெலை, விளக்கு வெளக்கு.

2. விளக்குமாறு. பல் விளக்கு, பாத்திரம் விளக்கு என்கிறோமே, அந்த ‘விளக்கு’. தேய்த்து அழுக்கைப் போக்கிப் பளிச்சென ஆக்குவது. தானாகத் தெளிவாக இருந்தால் ‘விளங்கு’, இன்னொன்றைத் தெளிவாக்கினால் ‘விளக்கு’. அடங்கு, அடக்கு போல. இருட்டைப் போக்கும் விளக்கும், ஐயத்தைப் போக்கும் விளக்கமும், அழுக்கைப் போக்கும் விளக்குமாறும் ஒரு வேர்ச்சொல்லின் பிள்ளைகள். விளக்கக் கட்டுரை என்ற பெயரிலேயே விளக்குமாற்றின் சொந்தக்காரன் உட்கார்ந்திருக்கிறான்.

3. சீமாறு. கொங்கு வட்டாரத்தில் கேட்கலாம். இதை ‘சீவுமாறு’ தேய்ந்தது என்று சொல்வதுண்டு. ‘சீவக்கட்டை’ என்ற பெயரும் வழங்குவதால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் பழந்தமிழில் ‘சீ’ என்பதே தனி வினை. அகற்று, தள்ளு, பெருக்கித் துப்புரவாக்கு என்று பொருள். கோழி குப்பையைச் சீய்க்கிறது என்கிறோமே, அதுவே. கலித்தொகையில் ‘இருள் சீக்கும் சுடர்’ என்று வருகிறது: கடலின் மேல் தோன்றிய சூரியன் இருட்டைக் கூட்டித் தள்ளுகிறது. சீ, மாறு என்று பிரித்தால் விளக்கு, மாறு என்ற பிரிப்போடு அச்சு அசலாகப் பொருந்துகிறது. எனவே தேய்வு எதுவும் தேவையில்லை. சங்கப் பாட்டில் சூரியன் செய்த வேலையை ஈரோட்டுப் பக்கம் ஒரு வாசலில் சீமாறு இன்றும் செய்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

4. வாரியல். குமரி, நெல்லை வட்டாரச் சொல். அள்ளிச் சேர்ப்பது ‘வாருதல்’. ‘வாருகோல்’ என்ற பழைய வடிவமும் உண்டு. தலை வாருவதும் இந்த வினைதான். தலை சீவுவது, சீவக்கட்டை. தலை வாருவது, வாரியல். சீப்பும் துடைப்பமும் வரிசையாகப் பற்கள் கொண்டு இழுக்கும் கருவிகள் என்பதைப் பெயர் வைத்தவர்கள் கவனித்திருக்கிறார்கள்.

5. கூட்டுமாறு, பெருக்குமாறு. இவை இரண்டும் தனியாக நின்று பார்க்க வேண்டியவை, பின்னால் வருகின்றன.

இவற்றில் ‘சரியான தமிழ்’ எது என்று கேட்பதில் பொருளில்லை. எல்லாமே வினையடியாகப் பிறந்த நல்ல தமிழ்ச் சொற்கள். அச்சில் துடைப்பம் முந்திக்கொண்டதற்குக் காரணம் இலக்கணமாக இருக்க முடியாது. எல்லா வட்டாரத்துக்கும் புரியும் என்பது ஒன்று. மற்றவற்றைவிட அதில் வசவின் நெடி சற்றுக் குறைவு என்பது இன்னொன்று.

‘மாறு’ என்றால் என்ன? மாறா, மாரா?

கரிசல் காட்டில் பருத்தி எடுத்து முடிந்தபின் செடியைப் பிடுங்கிக் கட்டி அடுப்பெரிக்க வைப்பார்கள். அதன் பெயர் பருத்திமாறு. துவரைமாறும் உண்டு. இலையும் காயும் போய்க் காய்ந்து நிற்கும் மெல்லிய குச்சிதான் மாறு. அந்தக் குச்சிகளை ஒன்றாகக் கட்டிப் பெருக்கினால் அது பெருக்குமாறு. ஆக ‘விளக்குமாறு’ என்பது விளக்குவதற்கான குச்சிக்கட்டு. முக்காலத்துக்கும் பொதுவாக நிற்கும் வினைத்தொகை: விளக்கிய மாறு, விளக்குகின்ற மாறு, விளக்கும் மாறு. ‘விளக்கமாறு’ என்று சொல்கிறவர்கள் ‘விளக்க உதவும் மாறு’ என்ற பொருளில் நிற்கிறார்கள். அதைப் பிழை என்று அடிக்க வேண்டியதில்லை.

எழுத்துதான் தகராறு. சீமார், வெளக்குமார், பருத்திமார் என்று இடையின ரகரம் போட்டு எழுதியதைப் பல இடங்களில் பார்க்கலாம். பேச்சில் இன்று பெரும்பாலான வட்டாரங்களில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டதால் வந்த தடுமாற்றம். எது சரி என்பதைக் கண்டுபிடிக்கப் பேச்சே வழி வைத்திருக்கிறது. வேற்றுமை உருபைச் சேர்த்துப் பாருங்கள்.

1. ஆறு, ஆற்றில். சோறு, சோற்றில். நெடிலுக்குப் பின் ‘று’ வந்து முடியும் பெயர்கள் உருபு ஏற்கும்போது ‘ற்ற’ ஆகும்.

2. பேச்சில் இந்த ‘ற்ற’ பல இடங்களில் ‘த்த’ ஆகிறது. ஆத்துல, சோத்துல.

3. துடைப்பத்தைக் காட்டி மிரட்டுகிறவர் என்ன சொல்கிறார்? “வெளக்குமாத்தால அடிப்பேன்.” கொங்கில் “சீமாத்துல போடுவேன்.”

‘மார்’ என்று முடிந்திருந்தால் ‘வெளக்குமாரால’ என்றுதான் வரும். யாரும் அப்படித் திட்டுவதில்லை. எனவே வல்லின றகரமே சரி. புலவர்களுக்கு வரக்கூடிய ஐயத்தை ஒரு வசவு தீர்த்துவைக்கிறது.

“விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்”

இப்போது கடிதத்துக்கு வரலாம். அங்கே உள்ள விளக்குமாறு வேறு சொல். அதன் பிரிப்பு ‘விளக்கும் + ஆறு’. இந்த ஆறு நதி அல்ல. வழி, விதம் என்ற பொருளுடைய பழைய சொல். ‘அறத்தாறு’ என்று குறளில் வருவது அறத்தின் வழி. வருமாறு, செய்யுமாறு, பின்வருமாறு எல்லாவற்றிலும் இருப்பது இந்த ஆறுதான். ‘வரும் விதமாக’, ‘செய்யும் விதமாக’ என்பது பொருள்.

விளக்கும் + ஆறு என்று சேர்க்கும்போது மகர மெய் அடுத்த ஆகாரத்தோடு கூடி ‘மா’ ஆகிறது. விளக்கு + மாறு என்று சேர்க்கும்போது இயல்பாகவே ‘மா’ இருக்கிறது. விளைவு எழுத்திலும் ஒலியிலும் ஒன்றேபோல். எது எங்கே என்று பிரித்தறிய ஒரு சிறிய சோதனை போதும்: கருவிப்பெயர் உருபேற்கும், பன்மை ஏற்கும், விளக்குமாற்றை எடு, இரண்டு விளக்குமாறுகள். கடிதத்தில் வருவது எதையும் ஏற்காது. தன் பின்னால் கேள், கோரு, உத்தரவிடு போன்ற வினை ஒன்றை எதிர்பார்த்து நிற்கும்.

இலக்கணப்படி குற்றமில்லாத தொடர்தான். ஆனாலும் மேலதிகாரிக்கு அனுப்பும் கடிதத்தில் வாசகர் கண் துடைப்பத்தில் போய் முட்டுவது எழுதியவருக்கு நல்லதில்லை. ‘விளக்கம் அளிக்குமாறு’ என்றோ ‘விளக்கும்படி’ என்றோ எழுதினால் தீர்ந்தது. அனுபவமுள்ள அலுவலக எழுத்தர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

கோயிலில் அதற்கு வேறு பெயர்

‘விளக்கு’ என்ற வினை பெருக்குவதைக் குறித்தது இன்று நேற்றல்ல. ஏழாம் நூற்றாண்டுத் திருநாவுக்கரசர் பாடலில் தெளிவான சான்று இருக்கிறது. கோயில் தொண்டு ஒவ்வொன்றுக்கும் என்ன பலன் என்று அடுக்கிக்கொண்டு போகும் பாட்டு அது. “விளக்கினார் பெற்ற இன்பம் மெழுக்கினால் பதிற்றி ஆகும்” என்று தொடங்குகிறது. கோயிலைப் பெருக்கியவர் பெற்ற இன்பம், சாணமிட்டு மெழுகினால் பத்து மடங்காகும் என்பது கருத்து. அதே பாட்டில் இரண்டு வரி தள்ளி ‘விளக்கிட்டார்’ வருகிறார். அவர் விளக்கு ஏற்றியவர். ‘விளக்கினார்’ பெருக்கியவர், ‘விளக்கிட்டார்’ தீபம் இட்டவர். துடைப்பமும் தீபமும் ஒரே பாட்டில் ஒரே வேரோடு, ஒரே மரியாதையோடு நிற்கின்றன.

கருவிக்கு அவர் பயன்படுத்தும் சொல் ‘அலகு’. “புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்கும் இட்டு” என்று திருவாரூர்த் தாண்டகத்தில் தன் நெஞ்சுக்குச் சொல்கிறார்: விடிவதற்கு முன் கோயிலைப் பெருக்கி மெழுகு. ஐந்நூறு ஆண்டு கழித்து, பெரியபுராணத்தில் அவருடைய தமக்கை திலகவதியார் திருவதிகையில் செய்யும் தொண்டைச் சொல்லும்போது சேக்கிழார் ‘திருவலகு’ என்று அடைமொழியும் சேர்த்துவிடுகிறார். கோயில் வழக்கில் பெருக்குவது ‘திருவலகிடுதல்’.

கவனிக்க வேண்டியது இதுதான். அதே ஈர்க்குக் கட்டு, அதே அசைவு, அதே தூசி. கோயில் பிராகாரத்தில் அது திருவலகு, தெருவில் வெளக்குமாறு. முதல் சொல்லை வைத்து யாரும் யாரையும் திட்டியதில்லை. வசவு பொருளில் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கூட்டலும் பெருக்கலும்

குப்பையைக் குறைக்கிற வேலைக்குத் தமிழ் ‘கூட்டு’, ‘பெருக்கு’ என்று கணக்குப் பாடத்துச் சொற்களை வைத்திருப்பது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். இதை மங்கல வழக்கு என்று சிலர் விளக்குவார்கள். விளக்கை அணைப்பதை ‘குளிரவை’ என்று சொல்வதுபோல, வீட்டிலிருந்து வெளியேற்றுவதைச் சொல்லக் கூசி, பெருகட்டும் என்று மாற்றிச் சொல்கிறார்களாம். அழகான விளக்கம், ஆனால் ‘கூட்டு’க்கு அது தேவைப்படவில்லை. சிதறிக் கிடப்பதை ஒரு மூலையில் சேர்ப்பது கூட்டுவது. அது குவியலாக வளர்வது பெருகுவது. ‘குப்பை’ என்ற சொல்லே பழந்தமிழில் அழுக்கைக் குறிக்கவில்லை. குவியல் என்றுதான் பொருள். நெல்லும் உப்பும்கூடக் குப்பையாகக் கிடந்திருக்கின்றன. பெருக்குகிறவர் கண்ணில் தெரிவது தரை சுத்தமாவது மட்டுமல்ல, துடைப்பத்தின் முன்னே குவியல் பெருத்துக்கொண்டு வருவதும்தான். சொல் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

எப்படி வசவானது?

“வெளக்குமாறு பிஞ்சிரும்”, “தொடப்பக்கட்டை” இரண்டும் சட்டென்று நாக்கில் வருபவை. தொடப்பக்கட்டை என்பது தேய்ந்து குட்டையாகி, பிடி மட்டும் மிஞ்சிய பழைய துடைப்பம். “விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சமா?” என்ற பழமொழி, தகுதியில்லாததற்கு அலங்காரம் எதற்கு என்று கேட்கிறது. கட்சி மகளிரணி ஆர்ப்பாட்டங்களில் உருவப் படத்தை அடிக்கச் செருப்போடு துடைப்பமும் வருவது வழக்கம். அடி வலிப்பதற்காக அல்ல. எதனால் அடிபட்டோம் என்பதுதான் தண்டனை.

இந்த இழிவுக்கு மூன்று வேர்கள் தெரிகின்றன. மூன்றும் ஒரே கனமுள்ளவை அல்ல.

முதலாவது, தொட்ட பொருள். அழுக்கைத் தொடுவது அழுக்காகிவிடும் என்ற எண்ணம். துடைப்பத்தைத் தாண்டாதே, பூசை அறைப்பக்கம் வைக்காதே, வருகிறவர் கண்ணில் படாமல் வை என்பவை இதிலிருந்து வந்தவை. விளக்கேற்றியபின் பெருக்கக் கூடாது என்பதற்கு மட்டும், மங்கிய வெளிச்சத்தில் தோடோ மூக்குத்தியோ குப்பையோடு போய்விடும் என்று நடைமுறைக் காரணம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் எல்.இ.டி. விளக்கு எரியும் வீட்டிலும் தடை தொடர்கிறதே.

இரண்டாவது, தெய்வக்கதை. சேட்டை என்றும் மூதேவி என்றும் சொல்லப்படும் தெய்வத்துக்குக் காக்கைக் கொடி, கழுதை ஊர்தி, கையில் துடைப்பம். பல்லவர், பாண்டியர் காலக் கோயில்களில் இவளுக்குச் சிற்பங்கள் இருக்கின்றன, வணங்கப்பட்டவள்தான். பின்னாளில் தங்கை சீதேவி செல்வமாகவும் அக்காள் மூதேவி தரித்திரமாகவும் பிரிக்கப்பட்டபோது, துடைப்பம் அக்காள் பக்கம் போயிற்று. ‘மூதேவி’யும் ‘வெளக்குமாறு’ம் ஒரே மூச்சில் வசவாக வருவது தற்செயல் அல்ல.

மூன்றாவதுதான் கனமானது: அதை யார் கையில் கொடுத்தார்கள் என்பது. மராட்டிய ஆட்சியை நடத்திய பேஷ்வாக்களின் தலைநகரான புனேயில் தீண்டப்படாதோர் இடுப்பில் துடைப்பத்தைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, தாம் நடந்த மண்ணைத் தாமே பெருக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது என்று அம்பேத்கர் 1936இல் வெளியான ‘சாதி ஒழிப்பு’ உரையில் குறிப்பிடுகிறார். இங்கே துடைப்பம் சுத்தம் செய்யும் கருவியே அல்ல; அணிந்திருப்பவரின் காலடி அழுக்கு என்று அறிவிக்கும் அடையாளம். தமிழ்நாட்டில் அந்த வடிவம் இல்லாவிட்டாலும் தெருவையும் கழிவறையையும் குறிப்பிட்ட சாதிகளின் தலையில் கட்டிய ஏற்பாடு இங்கும் இருந்தது, பெருமளவில் இருக்கிறது.

இந்த மூன்றாவது வேரைக் கணக்கில் எடுக்காமல் துடைப்பத்தைச் சின்னமாக உயர்த்துவது பாதி வேலைதான். 2014 அக்டோபர் 2 அன்று தூய்மை இந்தியா திட்டத்தைத் தொடங்க பிரதமர் மோடி தில்லி வால்மீகி குடியிருப்பில் துடைப்பம் பிடித்தார். அதன்பின் அமைச்சர்களும் நடிகர்களும் பிடித்தார்கள். ஒரு நாள் பிடிப்பவர் கையில் அது பெருமை. நாள்தோறும் பிடிப்பவர் கையில் அப்படி இல்லை. தமிழக அரசு 2020இல் ‘துப்புரவுப் பணியாளர்’ என்பதை ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாற்றியது. துப்புரவு என்றாலும் தூய்மைதான். சொல்லில் எந்த இழுக்கும் இல்லை. நீண்ட காலம் இழிவாக நடத்தப்பட்ட வேலையோடு ஒட்டியதால் அந்தச் சொல் கறைபட்டது, மாற்ற வேண்டி வந்தது. வேலையின் கூலியும் நிரந்தரமும் மாறாவிட்டால் புதிய சொல்லும் கறைபடும். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் 5, 6ஆம் மண்டலப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தபோது அவர்கள் கேட்டது பெயரை அல்ல.

இதற்கு நேர்மாறான வழக்கங்களும் உண்டு. பூரி தேர்த் திருவிழாவில் கஜபதி மன்னர் பொற்பிடி போட்ட துடைப்பத்தால் தேர்த்தட்டைப் பெருக்குகிறார். சமண முனிவர்கள் வழியில் உள்ள சிற்றுயிர்களை நோகாமல் விலக்க மயிற்பீலிக் கட்டையோ கம்பளி நூல் கட்டையோ எப்போதும் கையில் வைத்திருக்கிறார்கள்; துறவின் அடையாளமே அதுதான். கருவி ஒன்றே. பிடிப்பவர் தானாக எடுத்தாரா, அவர்மேல் சுமத்தினார்களா என்பதில்தான் பொருள் புரள்கிறது.

ஆங்கிலத்தில் செடி முந்தியது

தமிழ் வேலையிலிருந்து பெயர் வைத்தது என்றால், ஆங்கிலம் செடியிலிருந்து வைத்தது. ‘புரூம்’ என்பது முதலில் மஞ்சள் பூப்பூக்கும் ஒரு புதரின் பெயர். துடைப்பத்துக்குப் பழைய ஆங்கிலச் சொல் ‘பீசம்’. ஜெர்மன் மொழியின் ‘பேசன்’ அதன் உறவு. அந்தப் புதரின் கிளைகளைக் கட்டிப் பெருக்கிப் பெருக்கி, காலப்போக்கில் செடியின் பெயர் கருவிக்கு வந்து ஒட்டிக்கொண்டது. பழைய சொல் கிராமத்து மூலைகளுக்கு ஒதுங்கிற்று. பிற்பாடு அமெரிக்காவில் ஒரு வகைச் சோளத்தின் கதிரைக் கட்டித் துடைப்பம் செய்தபோதும் ‘புரூம்’ என்ற பெயர் மாறவில்லை. செடி போய்ச் செடியின் பெயர் மட்டும் நின்றது.

அதே செடிக்கு அங்கே அரச மரியாதையும் கிடைத்தது. 12ஆம் நூற்றாண்டில் ஆஞ்சு நாட்டுப் பிரபு ஜெஃப்ரி அதன் பூங்கொத்தைத் தலையில் சூடியதாகச் சொல்வார்கள். லத்தீனில் அது ‘பிளாண்டா ஜெனிஸ்டா’. அவருடைய மகன் இரண்டாம் ஹென்றி 1154இல் இங்கிலாந்தின் அரசரானார். அந்த மரபுக்கே பிளாண்டாஜெனெட் என்று பெயர் வந்துவிட்டது. துடைப்பச் செடியை வம்சப் பெயராக்கிக்கொண்ட அரசர்களிடம் பட்டுக்குஞ்சப் பழமொழி எடுபட்டிருக்காது.

இந்தச் செடிக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது, அதுவும் தலைவலியாக. ஆங்கிலேயர் நீலகிரிக்குத் தம் ஊர் நினைவாகக் கொண்டுவந்த செடிகளில் ஸ்காட்ச் புரூமும் ஒன்று. தாவரவியல் பெயர் சைட்டிசஸ் ஸ்கோபேரியஸ். லத்தீனில் ‘ஸ்கோபா’ என்றாலே துடைப்பம்தான். விஞ்ஞானப் பெயரும் துடைப்பத்தை விடவில்லை. அவலாஞ்சி, மேல்பவானிப் பக்கம் சோலைக்காடுகளுக்கு இடையே விரிந்திருக்கும் புல்வெளிகளில் இது பரவிக் கிடக்கிறது. பரவும் முறை மூன்று படிகளில் நடக்கிறது.

1. பயறு வகைக் குடும்பம் என்பதால் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகள் மண்ணில் சேர்க்கின்றன. சத்துக் குறைந்த மண்ணுக்குப் பழகிய மலைப்புல்லுக்கு அது சாதகமில்லை.

2. காய் முற்றியதும் வெயிலில் படீரென்று வெடித்து விதையைத் தூரத் தெறிக்கவிடுகிறது.

3. விதை மண்ணுக்குள் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். செடியைப் பிடுங்கினாலும் அடுத்த மழைக்குப் புதிய கன்றுகள் வரும். அதனால் ஒருமுறை அகற்றுவது போதாது. ஆண்டுக்காண்டு திரும்பப் போய்க் கன்றுகளைக் களைய வேண்டும்.

புல்வெளி அழிந்தால் அங்கே மேயும் வரையாடும், மழையைப் பிடித்துச் சிறுகச் சிறுக ஓடைக்கு விடும் ஈரமும் சேர்ந்து போகும். ஆகவே ஊட்டிச் செய்தியில் ‘புரூம் அகற்றம்’ என்று படித்தால் அது நகராட்சி வேலை அல்ல, காட்டு வேலை. துடைப்பத்துக்குப் பெயர் கொடுத்த செடியையே அங்கே ஆட்கள் குனிந்து வேரோடு பிடுங்கிக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள்.